சரசு வீட்டு மாடி வெயில்

லீட்ஸ் நகரத்தில் நான் குடியிருக்கும் தெருவுக்குள் திங்கட்கிழமை காலையில் வண்டி எதுவும் எளிதில் நுழைய முடியாது. இந்தப் பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு கொக்கி, எதிர்ப்பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு கொக்கி, இரண்டுக்கும் நடுவே தெருவின் குறுக்காக ஒரு கயிறு, கயிறு நிறைய ஈரத்துணி. இப்படி வீட்டுக்கு வீடு. தெருமுனையில் நின்று பார்த்தால் படுக்கை விரிப்புகளும் சட்டைகளும் ஆண்களின் நீண்ட உள்ளாடைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றில் உப்பிக்கொண்டு நிற்கும். நிலக்கரி லாரிக்காரன் வந்து ஹாரன் அடிப்பான். உடனே பெண்கள் வெளியே வந்து, நுனியில் கவை வைத்த நீண்ட கழியால் அவரவர் கயிற்றை உயர்த்திப் பிடிப்பார்கள். தோரணங்களுக்குக் கீழே ஊர்வலம் வரும் மந்திரியைப் போல அந்தக் கரி லாரி மெல்லப் போகும். மறுநாள் வந்து பார்த்தால் தெருவில் ஒரு கைக்குட்டைகூட இருக்காது. திங்கட்கிழமைதான் துவைக்கும் நாள். யாரும் இதைச் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனால் மீறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மீறியவள் நான்தான்.

நான் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மிஸஸ் ஹோல்ராய்ட் என்ற விதவை அம்மாளின் வீட்டு மாடியில் ஓர் அறையில் இருக்கிறேன். சீருடையை ஆஸ்பத்திரியிலேயே துவைத்துக் கஞ்சி போட்டு அட்டை மாதிரி மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். புடவை, பாவாடை, ரவிக்கை, துண்டு, தலையணை உறையெல்லாம் என் பாடு. திங்கட்கிழமை எனக்கு வார்டில் வேலை. ஆகவே கயிற்றில் எனக்கு இடமில்லை. முதல் வருஷம் முழுவதும் அறைக்குள்ளேயே துணி காயவைக்க நான் செய்யாத வித்தை கிடையாது. கட்டில் தலைமாட்டுக் கம்பியில் போட்டேன். மூன்றாம் நாள் எடுத்தால் நனைந்த கோணிப்பை நாற்றம். மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அதன்மேல் விரித்தேன். ஒரு ரவிக்கையின் கை தோசைக் கலருக்கு வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாளின் சமையலறைக் கூரையில், கயிறு இழுத்தால் மேலே ஏறும் மரச்சட்டம் ஒன்று இருக்கிறது. சூடு மேலே போவதால் அதில் நன்றாகவே காயும். ஆனால் அவர் தினமும் காலையில் பன்றிக்கொழுப்பில் எதையாவது வறுப்பார். அங்கே காய்ந்த புடவையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போன அன்று, என் மேல் வந்த வாசனைக்கு நானே முகம் சுளித்தேன். தெருமுனையில் காசு போட்டுத் துவைக்கும் மெஷின் கடை ஒன்றும் இருக்கிறது. சுடச்சுடச் சுழலும் டப்பாவுக்குள் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும். காய்ந்த பிறகு நூல் புடவை கப்பல் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வரும். ரவிக்கை பத்து வயதுப் பெண்ணுக்குச் சரியாக இருக்கும்.

இங்கே வரப்போகிற பெண்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். துவைத்த துணியைப் பெரிய உலர்ந்த துண்டில் சுருட்டி, தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நன்றாக மிதியுங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு ஒன்றன்மேல் ஒன்று படாமல் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். எவ்வளவு குளிராக இருந்தாலும் ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வையுங்கள். துணியை விட்டுப் போகும் தண்ணீர் எங்காவது போய்த்தான் ஆகவேண்டும். வழி விடாவிட்டால் சுவரில் ஏறிக் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை பூக்கும். காஞ்சிபுரத்தில் இருந்த இருபத்திரண்டு வருஷமும் துணியின் ஈரம் எங்கே போகிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. வெயில் இருக்கிற ஊரில் அந்த யோசனைக்கே வேலை இல்லை.

இதைப் படித்து, ஊரை நினைத்து ஏங்குகிறாள் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். ஏக்கம் வேறு, பொறாமை வேறு. ஏங்குவதற்கு எதிரே ஆள் வேண்டியதில்லை. பொறாமைக்கு ஓர் ஆள் வேண்டும். என் ஆள், என் தங்கை சரசு.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி, எங்களைப் போன்ற தறிக்காரர் வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவள் அவள். ஆனால் அது மெத்தை வீடு. மேலே நான்கு பக்கமும் மறைப்பில்லாத மொட்டைமாடி. அதில் தெற்கு வடக்காக இரண்டு கொடிக்கயிறு. சித்திரை மாதத்தில் முதல் துணியை உதறிப் போட்டுவிட்டுக் கடைசித் துணியைப் போடுவதற்குள் முதல் துணி காய்ந்திருக்கும். இந்த நாட்டுக்கு வந்த பிறகு எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், மோட்டார் கார் உள்ளவர்கள், தோட்டம் உள்ளவர்கள். அவர்கள் யார்மேலும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. என் ஈரப் பாவாடையை முகர்ந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் சரசுவின் அந்த இரண்டு கயிறுதான் கண்ணில் வந்து நிற்கும், வயிறு எரியும்.

இதை அவளுக்குக் காட்டிக்கொள்வேனா? எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதி வகுப்பைத் தொட்ட முதல் ஆள் நான். ஆண்களிலும் சேர்த்துத்தான். ஆகவே வந்த புதிதில் அவளுக்கு இப்படி எழுதினேன்: "இங்கே வெயிலுக்குக் காத்திருக்கிற வேலையே இல்லை. மெஷினில் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும்." பொய் இல்லை. உண்மையும் இல்லை.

ஐப்பசி மாதம் அவளுடைய பதில் வந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவள். பேசுகிற மாதிரியே எழுதுவாள்.

"அக்கா, உனக்கு என்னாம்மா, குடுத்து வெச்சவ. இங்க அடைமழை. நாலு நாளா கொழந்தத் துணி ஒண்ணும் காயல. தறி மேல போட்டேன், கதவு மேல போட்டேன், இவரு தோள் மேலகூட போட்டுப் பாத்துட்டேன். கொடிமரமாட்டம் நின்னுக்கினு இருக்குறாரு. தெருவுல பாவு நீட்ட வழியில்ல, எல்லார் தறியும் சும்மா கெடக்குது. அந்த மெஷினுக்குள்ள பாவு போட்டா காயுமான்னு அப்பா உன்ன கேக்கச் சொன்னாரு. எல்லாம் உன் செவப்புப் பாவாட குடுத்த வாழ்வு. அது சொட்டுச்சி, நீ சீமைக்குப் போன. நான் நூல் சுத்திக்கினு இருக்குறேன்."

சிவப்புப் பாவாடை என்று அவள் குத்திக்காட்டுவது ஒரு பழைய கதை. எங்கள் தெருக்களில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். புடவைகளுக்கான நீளவாட்டு இழைகள் அத்தனையையும் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரண்டு முனையிலும் ஆட்கள் பிடித்துக்கொள்ள, நடுவில் நின்று இழை இழையாகச் சரிசெய்வார்கள். அந்த நேரத்தில் தெருவில் ஈரத்துணி காயப்போடுவது எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா. என்னிடம் இருந்த ஒரே நல்ல பாவாடையை அதிகாலையில் அலசி, சீக்கிரம் காயட்டும் என்று வாசல் ஜன்னலிலிருந்து எதிரே இருந்த விளக்குக் கம்பத்துக்குக் கயிறு கட்டிப் போட்டுவிட்டேன். மட்டமான சாயம். கீழே அப்பாவின் சந்தனக் கலர் பாவு.

"ஏ, யாருதுப்பா அந்தப் பாவாட? செவப்பா சொட்டிக்கினு இருக்குது பாரு!" என்று அப்பா கத்தியது இப்போதும் காதில் கேட்கிறது.

"அக்காதுப்பா" என்று சரசு உடனே சொல்லிவிட்டாள். அவளுக்கு ஒன்பது வயது.

பாவு முனை கையில் இருந்ததால் அவரால் அதை விட்டுவிட்டு ஓடிவந்து என்னை அடிக்க முடியவில்லை. அதனால் பிழைத்தேன். அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னார்: "இவள நூல் பக்கம் உடாத. சின்னதுக்குக் கை சுத்தமா இருக்குது, அது வரட்டும். இது பள்ளிக்கூடத்துலயே கெடக்கட்டும்."

"பொட்டப்புள்ள படிச்சு என்னா பண்ணப் போவுது?" என்றாள் அம்மா.

"பாவக் கெடுக்காம இருக்குமில்ல?"

என் படிப்பு இப்படித்தான் நீண்டது. சரசுவின் படிப்பு அந்த வாரமே நின்றது. கெட்டிக்காரி என்பதால் படிக்கவைத்தார்கள் என்று நான் இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். சரசுவிடம் அது செல்லாது.

அந்தக் கடிதத்தைப் படித்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உனக்கு நாலு நாள் மழை, எனக்கு நாலு பருவமும் மழை என்றுதான் தோன்றியது. பதில் எழுதினேன். பாவு பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை.

மறு வருஷம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ மூடியை எடுத்தது போல வானம் திறந்து வெயில் அடித்தது. எனக்கு விடுமுறை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெரு காலி. ஆள் இல்லை, லாரி இல்லை, எல்லாக் கயிறுகளும் வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தன. எனக்கு உடனே அமாவாசை நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் அமாவாசையன்று தறிக்கு ஓய்வு. அன்று தெருவில் பாவு கிடையாது. ஆகவே அன்றுதான் தெருப் பெண்கள் எல்லோரும் வீட்டில் உள்ள போர்வை, ஜமக்காளம், மெத்தை உறை அத்தனையையும் அலசித் தெருவில் கட்டிப் போடுவார்கள். ஓய்வு நாள் என்றால் தெரு பெண்களுக்குச் சொந்தம். ஞாயிறு இவர்களுடைய ஓய்வு நாள் அல்லவா? இவ்வளவு நல்ல வாய்ப்பை ஏன் இந்த ஜனங்கள் வீணாக்குகிறார்கள் என்று பரிதாபப்பட்டுக்கொண்டே இரண்டு புடவை, நான்கு பாவாடை, உள்ளாடை எல்லாவற்றையும் துவைத்து, மிஸஸ் ஹோல்ராய்டின் கயிற்றில் தெருவின் குறுக்கே விரித்துக் கட்டினேன். என் மஞ்சள் புடவை காற்றில் எழும்பியபோது, சரசு, இப்போது வந்து பாரடி என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

எதிர்வீட்டில் ஜன்னல் திரையை இழுத்து மூடினார்கள். வெயிலுக்கு என்று நினைத்தேன். மாதா கோயில் முடிந்து மிஸஸ் ஹோல்ராய்ட் தொப்பியும் கையுறையுமாகத் தெருமுனையில் திரும்பினார். கயிற்றைப் பார்த்து நின்றார்.

"இன்று ஞாயிற்றுக்கிழமை, லவ்" என்றார். இந்த ஊரில் எல்லோரையும் லவ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆமாம், அதனால்தான்!" என்றேன் சிரித்துக்கொண்டே.

"ஞாயிற்றுக்கிழமை" என்றார் மறுபடியும், காது கேளாதவளிடம் சொல்வதுபோல மெல்ல.

"தெரியும். தெரு காலியாக இருக்கிறது. யாருக்கும் தொந்தரவில்லை."

அவர் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தார். கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, என் உள்பாவாடைகளை முதலில், புடவைகளைக் கடைசியில், ஈரத்தோடேயே அழகாக மடித்து என் கையில் வைத்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நர்ஸ் படிப்பு முடித்த நான், ஒரு கயிற்றுக்குத் தகுதி இல்லாதவளாக நின்றேன். ஞாயிறு இங்கே சாமிக்கான நாள், அன்று துணி தொங்கவிடுவது பெரிய அவமரியாதை என்று பிறகுதான் தெரிந்தது. புதன்கிழமை கீழே இறங்கிப் போய், அமாவாசை பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அப்படியென்றால் உங்களுக்கு மாதத்துக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையா?"

"அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள்."

"அன்றும் துணி துவைப்பீர்களா? ஐயோ பாவம்!" என்று தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "எப்படியாவது ஒரு திங்கட்கிழமை லீவு வாங்கு. என் கயிற்றில் பாதி உனக்கு."

ஜூன் மாதத்தில் சரசுவின் அடுத்த கடிதம் வந்தது. அதைப் புரிந்துகொள்ள ஒன்று சொல்ல வேண்டும். நான் நர்ஸ் படிப்பை முடித்த வருஷம் அப்பா சொந்தமாக நூல் வாங்கி ஒரு பாவு போட்டார். ஒரு பாவில் மூன்று புடவை வரும். கத்தரிப்பூ நிறம், அரக்குக் கரை. ஒன்றை விற்றுவிட்டார். ஒன்று எனக்கு, ஒன்று சரசுவுக்கு. தறியிலிருந்து அறுக்கும்வரை அவை ஒரே துணியாக இருந்தவை.

"அக்கா, என் கத்திரிப்பூ பொடவ போயிடுச்சி. பையன் பாயசத்தக் கொட்டிட்டான். கசக்கி நாலா மடிச்சு மாடியில போட்டுட்டு மறந்துட்டேன். ஒரு நாள் இல்ல, இதுக்கு முன்னயும் நாலஞ்சி வாட்டி அப்படித்தான் போட்டேன். வெயிலு தின்னுட்டுது. பட்ட நெழல்ல போடணும்னு தெரியாதா, நீ நெசவுக்காரன் பொண்ணுதானான்னு அப்பா ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. தை மாசம் எங்க நாத்தனா கல்யாணம். நீதான் அங்க கவுனு போட்டுக்கினு சுத்தறியே, போட்டோவுல பாத்தமே. உன்னுத அனுப்பேன். ஒரே பாவுதான அக்கா, எங்கிட்ட இருந்தா என்னா, உங்கிட்ட இருந்தா என்னா?"

கடிதத்தை மேசைமேல் அடித்து வைத்தேன். வெயில் அவளுக்கு, மாடி அவளுக்கு, பையன் அவளுக்கு, கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருக்க அப்பா அவளுக்கு. மிச்சம் இருப்பது பெட்டியில் ஒரு புடவை, அதுவும் அவளுக்கா? வெயிலைக் கொடுத்த கடவுள் அதை எங்கே விரிக்க வேண்டும் என்கிற அறிவைக் கொடுக்கவில்லையே என்று கருவினேன். கொடுக்க முடியாது என்று அன்றே எழுதி உறையிலும் போட்டுவிட்டேன். தபாலில் மட்டும் சேர்க்கவில்லை.

அடுத்த வாரம் வேறொருத்தியோடு முறை மாற்றி ஒரு திங்கட்கிழமை லீவு வாங்கினேன். பெட்டியிலிருந்து பட்டுப் புடவையை எடுத்துக் காற்றாட விடுவதற்காகக் கயிற்றில் போட்டேன். என் பாதிக்கு அது அடங்கவில்லை. மிஸஸ் ஹோல்ராய்ட் தம் தலையணை உறைகளை நகர்த்திக்கொண்டு இடம் விட்டார்.

"இது என்ன, திரைச்சீலையா?"

"இல்லை, உடை."

"மீதி எங்கே?" என்று கையையும் கழுத்தையும் தேடினார். சிரித்துவிட்டேன்.

வானம் முழுவதும் சாம்பல் மூட்டம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, மெல்லிய காற்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டுக்கு அப்பா கேட்கும் நிழல் இதுதானே! இந்த நாடே ஒரு பெரிய நிழல். பட்டு காய இதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது. என் புடவை, தறியிலிருந்து அன்றைக்கு அறுத்த மாதிரி கத்தரிப்பூவாகவே மின்னியது. சரசுவினுடையது சாம்பல். ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது.

"புத்தம் புதிதாக வைத்திருக்கிறாயே. இதை எங்கே உடுத்திக்கொண்டு போவாய், லவ்?" என்றார் மிஸஸ் ஹோல்ராய்ட்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் எண்ணிப் பார்த்தேன். இதுவரை மூன்று முறை உடுத்தியிருக்கிறேன். அப்பா கையில் கொடுத்த அன்று, மீனம்பாக்கத்தில் விமானம் ஏறிய அன்று, ஆஸ்பத்திரியில் கிறிஸ்துமஸ் விருந்தன்று. அவ்வளவுதான். சரசுவின் புடவை கருடசேவைக் கூட்டத்தில் கசங்கியது. வளைகாப்பில் சந்தனம் பட்டது. பையனுக்கு மொட்டை அடிக்கையில் அவன் அழுது அதில் மூக்கைத் துடைத்தான். பாயசம் கொட்டியது. ஒவ்வொரு முறையும் அலசினாள், மாடியில் போட்டாள், மறந்தாள். என் புடவை வெளுக்காததற்கு என் அறிவு காரணமில்லை. அதை அழுக்காக்க இங்கே எனக்கு யாரும் இல்லை. நான் ஜெயித்தது இதைத்தான். அந்தக் கயிற்றடியில் நின்றபோது எனக்கு வந்த பொறாமை, அதற்கு முன்பு வந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டது. சரசுவின் வெயில்மேல் அல்ல, வெளுத்துப்போன அந்தப் புடவைமேல்.

உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு கடிதம் எழுதினேன். மெஷின் எங்கள் வீட்டில் இல்லை, தெருமுனைக் கடையில் இருக்கிறது, அதில் என் ரவிக்கை சுருங்கியது, பாவை அதன் பக்கம் கொண்டுபோனால் கயிறாகிவிடும் என்று அப்பாவிடம் சொல். என் துணிகள் மூன்று நாள் காய்கின்றன. சில சமயம் நாறுகின்றன. புடவையைக் கப்பல் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஆனால் சும்மா இல்லை. உன்னுடையதை எனக்கு அனுப்பு. துவைக்காதே, அப்படியே அனுப்பு.

மாசி கழிந்து பார்சல் வந்தது. உள்ளே ஒரு துண்டுக் காகிதம்.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இத வெச்சுக்கினு என்னா பண்ணப் போற? கல்யாணத்துல உன் பொடவைய எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க, எங்க வாங்கினன்னு. சீமையிலருந்து எங்கக்கா அனுப்பிச்சான்னு சொன்னேன். பொய்யா? அப்பா பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரு, வாயத் தொறக்கல. நீ எழுதின மெஷின் கதையப் படிச்சுக் காட்டினப்ப மட்டும் சிரிச்சாரு."

மறுபடியும் முறை மாற்றி லீவு வாங்கி, அடுத்த திங்கட்கிழமை அதைக் கயிற்றில் முழு நீளத்துக்கும் விரித்தேன். அவள் எப்போதும் நாலாக மடித்தே காயப்போட்டிருக்கிறாள். வெயில் பட்ட வெளி மடிப்புகள் சாம்பலாக வெளுத்திருந்தன. உள்ளே இருந்த மடிப்பு, அப்பா அறுத்துக் கொடுத்த அதே கத்தரிப்பூ. விரித்தபோது ஒரு முனையில் வெளுப்பு, நடுவில் நிறம், மறுமுனையில் மறுபடி வெளுப்பு என்று தெருவின் குறுக்கே நீண்டு கிடந்தது. முந்தானையில் ஓர் ஓரத்தில் பாயசக் கறை. மிஸஸ் ஹோல்ராய்ட் அருகில் வந்து, வெளுத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது நிறைய வெயில் பார்த்திருக்கிறது, லவ்."

"ஆமாம்" என்றேன். "நான் பார்க்கவில்லை."

தெருமுனையில் கரி லாரி ஹாரன் அடித்தது. கழியை எடுத்துக் கயிற்றுக்கு முட்டுக்கொடுத்து உயர்த்தினேன். ஒரு முனை நான் குடியிருக்கும் வீட்டுச் சுவரிலும் மறுமுனை எனக்குப் பெயர் தெரியாதவர்களின் சுவரிலுமாக, சரசுவின் புடவை தலைக்குமேல் எழும்பியது. அன்றைக்கும் வானத்தில் வெயில் இல்லை. தெரு முழுவதும் தேடினாலும் அந்த வெளுத்த மடிப்புகளில் மட்டும்தான் இருந்தது. லாரி முழுவதுமாகக் கடந்து போகும்வரை கை வலிக்க அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.